முடிவு என்று ஒன்று இருக்கிற ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இளைஞர் பக்கத்தில், இன்றைய பிள்ளைகள் கொண்டாடும் வீடியோ கேம்கள் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பட்டியலில் இருந்த கேம்களில் ஒன்றுகூட எனக்குப் பிடிக்காது. வெளியே இதைச் சொன்னால் இரண்டு விதமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று, 'இவருக்கு வயசாயிடுச்சு'. இன்னொன்று, 'கேம் என்றாலே கெடுதல் என்று நினைக்கிற ஆள்'. இரண்டுமே சரியில்லை. எனக்கு 42 வயது. பன்னிரண்டு வயதில் ஆடத் தொடங்கினேன், இன்றைக்கும் ஆடுகிறேன். கோவில்பட்டியில் 14 வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கேமை நேசிக்கிறவன் என்பதால்தான் இந்தக் கடிதம்.

கடைக்கு வரும் ஒரு போனை டேபிள் விளக்குக்கு நேராகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும், அது எந்த மாதிரி கேம் ஓடும் போன் என்று சொல்லிவிடுவேன். திரையின் இடது கீழ் மூலையில் எட்டணா அளவுக்கு ஒரு மங்கலான வட்டம் இருக்கும். ஆளை நடத்தும் இடது கட்டைவிரல் அங்கேயே தேய்த்துத் தேய்த்து டெம்பர்ட் கிளாஸின் வழுவழுப்பு போயிருக்கும். வலது பக்கம், சுடுகிற பட்டன் இருக்கும் இடத்தில் இன்னொரு வட்டம். சார்ஜரில் போட்டபடியே படுக்கவைத்துப் பிடித்து ஆடியதில் சார்ஜிங் பின் ஆடிப்போயிருக்கும். சூடு தாங்காமல் பேட்டரி உப்பி, பின்பக்க மூடி ஒரு ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கொண்டுவரும் பையன் இதையெல்லாம் பார்க்கவே மாட்டான். "அண்ணே, டச் லேட்டா எடுக்குது. ஒரிஜினல் காம்போ போட்டா கேம் லேக் ஆகாதுல்ல?" என்பதுதான் அவன் கவலை. (காம்போ என்றால் திரையும் டச்சும் சேர்ந்த பாகம்.)

இப்படிச் சுடுகிற கேம்களில் ஒன்றான பப்ஜி மொபைல் 2018-இல் வந்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு ஒரே உத்தரவில் 118 செயலிகளைத் தடை செய்தபோது அதுவும் போனது. 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் திரும்பி வந்தது. 2022 ஜூலையில் ப்ளே ஸ்டோரிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம் மறுபடி வந்தது. இத்தனை போக்குவரத்தையும் நான் என் கடை வாசலில் நின்றே பார்த்துவிட்டேன். தடை வந்த வாரம் பையன்கள் வரிசையாக வந்து நின்றார்கள். எவன் போனும் ரிப்பேர் இல்லை. "அண்ணே, ஏ.பி.கே. இருக்கா?" என்று மட்டும் கேட்டார்கள். ப்ளே ஸ்டோர் இல்லாமலே செயலியை நேராகப் போனில் ஏற்றிக்கொள்ளும் ஃபைல் அது.

ஆடிப் பார்க்காமல் நான் பேசவில்லை. 2020 ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தது. என் அக்கா மகன் அப்போது கல்லூரி முதல் வருடம். "வாங்க மாமா, ஸ்குவாடுக்கு ஒரு ஆள் குறையுது" என்று இழுத்துவிட்டான். ஏறக்குறைய இரண்டு மாதம் தினமும் ஆடினேன். நூறு பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். எட்டு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர் ஒரு தீவு. வீடு வீடாகப் புகுந்து துப்பாக்கி, தலைக்கவசம், மருந்துப்பெட்டி என்று பொறுக்க வேண்டும். நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வந்து எல்லோரையும் ஒரே இடத்துக்குத் தள்ளும். அரை மணி நேரத்தில் ஒருவரோ ஓர் அணியோதான் மிச்சம். நன்றாகச் செய்யப்பட்ட ஆட்டம் என்பதை நான் மறுக்கவே இல்லை. ஹெட்போன் போட்டுக்கொண்டால் எதிரி எந்தப் பக்கச் சுவரை ஒட்டி நடக்கிறான் என்பது காலடிச் சத்தத்திலேயே தெரியும். அந்தச் சத்தத்தை அமைத்தவர் கெட்டிக்காரர்.

ஆனால் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், நான் ஏறிவந்த படியிலிருந்து என்னைக் கீழே இறக்கி வைத்திருந்தது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று இரவெல்லாம் கண் விழித்து ஏறியது. அக்கா மகனிடம் கேட்டேன்.

"சீசன் முடிஞ்சிருச்சு மாமா. எல்லாருக்கும் இறங்கும். மறுபடி ஏறணும்."

"ஏறி?"

"அடுத்த சீசன்ல மறுபடி இறங்கும்."

வருத்தமே இல்லாமல் சொன்னான். மழை பெய்யும், வெயில் அடிக்கும் என்பது போல. எனக்கு அன்றோடு அந்த ஆட்டம் விட்டுப்போனது. ஒரு மேட்ச் அரை மணி நேரத்தில் முடிகிறது, சரி. ஆனால் ஆட்டம் முடிவதில்லை. தினசரி மிஷன், வாராந்திர மிஷன், காசு கட்டி வாங்கும் பாஸ், அந்தப் பாஸுக்கு ஒரு கடைசித் தேதி. ஆடுகிறவன் நிறுத்தினால் எதையோ இழந்துவிடுவான் என்கிற பயத்தைக் காட்டியே அவனைப் பிடித்து வைத்திருக்கிறது.

இதை நான் சொன்னபோது அக்கா மகன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "செஸ்ஸுக்கும்தான் முடிவு இல்ல. ஆயுசு பூரா ஆடுறாங்களே மாமா?" யோசித்துப் பார்த்தேன். செஸ் போர்டு மடித்துப் பரண்மேல் வைத்தால் அங்கேயே கிடக்கும். ராத்திரி பதினொன்றரைக்கு, 'இன்றைய பரிசை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை' என்று அது நம்மைக் கூப்பிடாது. எங்கள் ஊர் ஹாக்கி ஊர். பதினைந்து பதினைந்து நிமிடமாக நான்கு கால்பகுதி. கடைசி விசில் ஊதியதும் தோற்றவர்களும் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போவார்கள்.

என் முதல் கேம் மாரியோ. 1995-இல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டு முன்னறையில் இரண்டு டிவி வைத்திருந்தார்கள். அரை மணிக்கு 5 ரூபாய். மொத்தம் எட்டு உலகம், ஒவ்வொன்றிலும் நான்கு கட்டம், ஆக 32. கடைசிக் கோட்டை ஒரு சுற்றுப்பாதை. தப்பான குழாயில் இறங்கினால் வந்த வழிக்கே திரும்பி வந்துவிடும். எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்க எனக்கும் என் நண்பனுக்கும் ஒரு கோடை விடுமுறை முழுக்க ஆனது. கண்டுபிடித்த அன்று, பின்னால் காத்திருந்த பையன்கள், கடைக்கார அக்கா எல்லோரும் எங்கள் டிவி முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். மாரியோ தேடிப்போன இளவரசி நன்றி சொன்னாள், உன் தேடல் முடிந்தது என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. நண்பன் அதை எழுத்துக்கூட்டி எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தான். அன்று எனக்குள் வந்த நிறைவு, பின்னாளில் சொந்தக் கடை திறந்த அன்றுதான் மறுபடி வந்தது.

மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸுக்கு முடிவு இல்லையே என்று யாராவது கேட்கலாம். 1984-இல் மாஸ்கோவில் அலெக்ஸி பாஜித்னோவ் செய்தது. திருவிழாக் கடையில் வாங்கிய பிரிக் கேமில் நாமெல்லாம் ஆடியிருக்கிறோம். அது ஓயாமல் போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் அதன் பழைய நின்டெண்டோ கேசட்டில் 157-ஆவது லெவல் வரை போய், அதற்குமேல் ஓட முடியாமல் ஆட்டமே உறைந்து நிற்கும்படி செய்துவிட்டான். அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

காசு விஷயத்தையும் எழுத வேண்டும். ஒருநாள் மாலை தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மா போனோடு வந்தார். "தம்பி, இதுல இருந்து எப்படிப்பா காசு போகும்?" வங்கியிலிருந்து வந்த எஸ்.எம்.எஸ்.களைத் திறந்து பார்த்தேன். 89, 89, 449, மறுபடி 89. எல்லாம் சேர்த்து 3,900 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். எட்டாவது படிக்கிற மகன் ஒரு துப்பாக்கி கேமில் பெட்டி வாங்கித் திறந்திருக்கிறான். அது எந்தக் கேம் என்று இங்கே எழுதவில்லை. இந்த மாதிரிப் பெட்டி பல கேம்களில் இருக்கிறது. உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். அவன் எதிர்பார்த்தது துப்பாக்கிக்குச் சிவப்பும் தங்கமுமாக ஒரு வண்ணம். அதைப் பூசினால் ஒரு குண்டுகூடக் கூடுதலாகப் பாயாது, பார்க்க மட்டும்தான். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிக் கொடுத்தேன். பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதில் 5 ரூபாய்க்காக நானும் அப்பா சட்டைப் பையைத் துழாவியிருக்கிறேன். ஆனால் என் 5 ரூபாய்க்கு எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும் என்று தெரியும். அவனுக்கு என்ன கிடைக்கும் என்று அவனுக்கே தெரியாது.

சுடுகிற கேம் என்பதால் இப்படிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கான்ட்ரா என்ற பழைய கேமில் நான் சுட்டதற்குக் கணக்கே கிடையாது. ஆனால் ஜி.டி.ஏ. 5 வேறு விஷயம். 2013-இல் வந்து 20 கோடிக்கும் மேல் விற்ற கேம். நண்பன் வீட்டில் நாலு நாள் ஆடினேன். நகரம் பிரமாதம், சாயங்கால வெளிச்சம் கடல் மேல் விழுவதை வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஒரு கட்டத்தில், நாற்காலியில் கட்டிப்போட்ட ஒருவனைச் சித்திரவதை செய்ய வேண்டும். எந்தக் கருவி என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் ஒன்று பிளையர். பட்டனையும் நாம்தான் அழுத்த வேண்டும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். "கதைக்குத் தேவைப்பா, அந்தக் கொடுமையைக் காட்டத்தான் வச்சிருக்கான்" என்றான் நண்பன். இருக்கலாம். ஆனால் பார்க்கிறவனாக உட்கார்வதும் பட்டனை அழுத்துகிறவனாக உட்கார்வதும் ஒன்றல்ல. நான் தினமும் பிளையரைப் பிடித்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். அதற்குப் பிறகு அந்தக் கேமைத் தொடவில்லை.

பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன். லண்டனில் செய்து 2014-இல் வெளிவந்த மான்யுமென்ட் வேலி. வெள்ளை உடையில் ஒரு சின்னப் பெண் நடந்துபோவாள். பாதை ஓர் இடத்தில் நின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை விரலால் சுழற்றினால் கோபுரம் மெல்லத் திரும்பும். ஒரு கோணத்தில், எட்டாத தூரத்தில் இருந்த படிக்கட்டு வந்து இந்தப் பாதையோடு ஒட்டிக்கொள்ளும். எஷர் என்ற டச்சு ஓவியரின் படங்களில் வருமே, நடக்கவே முடியாத படிகள், அந்த வித்தை. மொத்தம் பத்து அத்தியாயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முடிந்துவிடும். அதே ஆண்டு கூடுதல் அத்தியாயங்களைத் தனி விலைக்கு விட்டபோது, இதற்குக் காசா என்று பலர் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கொஞ்சக் காசுக்குக் கையால் செதுக்கியதைப் போல ஒரு பொருள் தருகிறார்கள். அதை வேண்டாம் என்று சொல்லும் கை, வண்ணம் பூசிய துப்பாக்கிக்கு ஆயிரம் ரூபாய் போடுகிறது.

2023-இல் வந்த வெண்பா இன்னொன்று. கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா பெயர்தான் வெண்பா. அவள் தன் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகத்தை வைத்துச் சமைக்க வேண்டும். பக்கங்கள் கிழிந்தும் கறை படிந்தும் இருக்கும். விட்டுப்போன வரியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் இட்லி. ஒரு தட்டின் குழிக்கு நேர்மேலே அடுத்த தட்டின் குழி வராதபடி மாற்றி அடுக்கினால்தான் சரியாக வேகும். நான் யோசிக்கவே இல்லை, கை தானாகத் திருப்பி வைத்தது. எங்கள் அம்மா அடுக்குவதை நாற்பது வருடமாகப் பார்த்த கை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசியில் எழுந்து போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு சாயங்காலத்தில் முடிகிற கேம். பிரிட்டனின் பாஃப்டா விருதில், 2024-இல் சிறந்த அறிமுக கேம் என்ற பரிசு வாங்கியது. என் கடைக்கு வரும் பையன்களில் ஒருவனுக்குக்கூட அதன் பெயர் தெரியவில்லை. நம் மொழி பேசுகிற கேம், ஐயா.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். தடை வந்தால் கேமைப் பற்றி எழுதுகிறீர்கள். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் எழுதுகிறீர்கள். போட்டியில் யாராவது லட்சக்கணக்கில் பரிசு வாங்கினால் எழுதுகிறீர்கள். வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விமர்சனம் வருகிறது. அப்படிக் கேமுக்கும் மாதம் ஒருமுறை அரைப் பத்தி ஒதுக்குங்கள். எத்தனை கோடிப் பேர் ஆடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், அது வேண்டாம். அந்தக் கேம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, எத்தனை மணி நேரம் எடுக்கும், ஒருமுறை வாங்கினால் போதுமா அல்லது உள்ளே போன பிறகும் காசு கேட்குமா, முடியுமா முடியாதா என்று எழுதுங்கள். எல்லோரும் ஆடுவது பிடிக்கவில்லை என்று ஒரு பையன் சொன்னால், 'அப்போ உனக்கு இது பிடிக்கும், ஆடிப் பார்' என்று காட்ட அவன் ஊரில் ஆள் இல்லை. பத்திரிகை காட்டலாம்.

என்னால் முடிந்ததை நான் செய்கிறேன். கடையில் ஒரு பழைய போனில் மான்யுமென்ட் வேலி வைத்திருக்கிறேன். ரிப்பேர் முடியும்வரை உட்கார்ந்திருக்கும் பையன்களிடம் அதைக் கொடுப்பேன். சிலர் இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். போன வெள்ளிக்கிழமை, திரை நொறுங்கிய போனோடு பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். காம்போ மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. வேலை முடிந்து ஆன் செய்து, டச் பார்த்து, "தம்பி, ரெடி" என்று நீட்டினேன். தலையைத் தூக்கவில்லை.

"ஒரு நிமிஷம்ண்ணே. இந்தப் படிக்கட்டு மட்டும் சேர்ந்திரட்டும்."

இப்படிக்கு,
மு. செ.,
செல்போன் சர்வீஸ் கடை,
கோவில்பட்டி.