தரையில் கிடக்கும் கோதுமைக்கட்டு

ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸ் இணைப்பில் பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் ஹியூகோ வான் டெர் கூஸின் போர்டினாரி பலிபீட ஓவியத்தை அச்சிட்டதற்கு நன்றி. ஆனால் அதை ‘எளிய தொழுவக் காட்சி’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவ்வளவு எளிது இல்லை.

குழந்தை இயேசு தொட்டிலில் இல்லை, வெறுந்தரையில் கிடக்கிறது. முன்னால் ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு. பெத்லகேம் என்றால் எபிரேயத்தில் ‘அப்பத்தின் வீடு’. கோதுமை அப்பமாகும், அப்பம் நற்கருணையாகும், அதாவது பலியான இயேசுவின் உடலாகத் தேவாலயத்தில் பகிரப்படும் அப்பம். பிறந்த அன்றே பலியைப் பற்றிப் பேசுகிறார் ஓவியர். அதன் பக்கத்தில் பூ ஜாடியும் கண்ணாடிக் குவளையும். குவளையில் இருக்கும் சிவப்புக் கார்னேஷன்கள் சிலுவையின் ஆணிகளையும், கொலம்பைன் மலர்கள் மரியாளின் துயரங்களையும் குறிப்பதாகச் சொல்வார்கள்.

அப்புறம் அந்த ஒற்றை மரச்செருப்பு! மரியாளின் கணவர் சூசையப்பர் கழற்றிப் போட்டது. விவிலியத்தில், கடவுள் தோன்றிய எரியும் முட்செடி முன் மோசே செருப்பைக் கழற்றியதை நினைவூட்டுகிறது. கோயில் வாசலில் செருப்பை விட்டுப் பழகிய நமக்கு இதற்கு உரையே வேண்டாம்.

ஃபிளாரன்ஸின் மெடிசி குடும்பத்து வங்கியின் ப்ரூஜ் (இன்றைய பெல்ஜியம்) கிளையை நடத்திய டொமாசோ போர்டினாரி வரையச் சொன்ன படம் இது. 1483இல் ஃபிளாரன்ஸ் வந்து சேர்ந்தது. கரடுமுரடான கைகளோடு வாய்பிளந்து பார்க்கும் அந்த இடையர்கள் அங்கிருந்த ஓவியர்களை அசத்திவிட்டார்கள். ஃபிளாரன்ஸ் ஓவியர் கிர்லாண்டாயோ 1485இல் வரைந்த இடையர்களைப் பாருங்கள், சாயல் தெரியும்.

உங்கள் அச்சில் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டதால் செருப்பையும் காணோம், கோதுமையையும் காணோம். அடுத்த முறை முழுப் படத்தையும் போடுங்கள்.

ஒரு வாசகர், திண்டுக்கல்