மரம் நடும் கோயில் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மொரீசியஸில் ஆண்டுதோறும் மரம் நடும் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும் இளைஞர் மன்றத்தாருக்கும் வணக்கம்.

உங்கள் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. எத்தனை கன்று நட்டோம் என்று மட்டும் கணக்கு வைக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. எந்தக் கன்று எந்த இடத்தில் தங்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு கணிக்கலாம்.

மெல்லிய இலையும் லேசான கட்டையும் உள்ள மரம் வெயில் கிடைத்தால் மளமளவென்று வளரும், சீக்கிரம் பட்டும் போய்விடும். தடித்த இலையும் கனத்த கட்டையும் உள்ளது மெதுவாக வளரும். பெரும்பாலும் வறட்சியைத் தாங்கும். வறண்ட மேற்குக் கரைக்கும் மழை ஓயாத கியூர்பிப்புக்கும் ஒரே கன்றுப் பட்டியல் எப்படிச் சரிவரும்?

2006இல் வெளியான ஓர் ஆய்வில், பில் ஷிப்லி என்ற தாவரச் சூழலியலாளரும் அவருடைய சகாக்களும் தெற்கு பிரான்சில் கைவிடப்பட்ட திராட்சைத் தோட்டங்களை ஆராய்ந்தார்கள். அங்குள்ள செடிகளின் பண்புச் சராசரியை, அதாவது இலை போன்றவற்றின் அளவுகளின் சராசரியை வைத்தே எந்த இனம் எவ்வளவு இருக்கும் என்று கணித்தார்கள். நன்றாகவே பொருந்தியது. கணிக்கப்போகும் இடத்திலேயே எடுத்த சராசரிதானே அது என்று மற்றவர்கள் மடக்கினார்கள். நியாயமான கேள்வி. புது இடத்துக்கு அந்தச் சராசரியை மழையையும் மண்ணையும் பார்த்து ஊகிக்க வேண்டும். பிழை நுழைவதும் அங்கேதான்.

நம் தீவில் இன்னொரு சிக்கல், பெரிய விதையைச் சுமக்க ஆள் இல்லை. கருங்காலிப் பழத்தை விழுங்கிப் பரப்பிய இராட்சத ஆமைகள் அழிந்துவிட்டன. நம் கரைக்கு அருகே உள்ள இல் ஓ ஏக்ரெத் என்ற குட்டித் தீவில், அவற்றுக்குப் பதிலாக 2000இல் அல்டாப்ரா தீவின் இராட்சத ஆமைகளை விட்டார்கள். அவற்றின் சாணத்தோடு போன விதைகள் தாய்மரத்தைத் தாண்டி முளைக்கின்றன. வெளியிலிருந்து வந்து நம் காட்டை ஆக்கிரமிக்கும் சீனக் கொய்யாவுக்கோ அந்தக் கவலையே இல்லை. பறவை, பன்றி, குரங்கு, பை நிறையப் பறித்துத் தின்னும் நாம் எல்லாரும் அதற்குக் கூலியில்லா வேலையாட்கள்.

அடுத்த நடவுக்கு முன், அனுமதி வாங்கிக்கொண்டு, பக்கத்தில் மிஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுக்குப் போங்கள். இனத்துக்குச் சில இலைகளைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து பரப்பை எடுங்கள், காயவைத்து நிறுங்கள். ஒரு சிறு கிளைத்துண்டைத் தண்ணீரில் அமிழ்த்திக் கன அளவைக் குறித்துக்கொண்டு, அதையும் உலர்த்தி நிறுங்கள். பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். அப்புறம் எந்த இனத்தின் இலை எவ்வளவு மெல்லியது, கட்டை எவ்வளவு கனம் என்று பட்டியல் போட்டு, அதிலிருந்து உங்கள் இடத்துக்கு ஏற்ற கன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆமை இல்லாத இடத்தில் பெரிய விதைகளை நாமே கையால் ஊன்ற வேண்டும். சீனக் கொய்யாவைப் பிடுங்கத் தனியாக ஆள் ஒதுக்குங்கள். நட்ட அன்று எடுத்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் மூன்றாம் ஆண்டு உயிரோடு நிற்பவற்றின் எண்ணிக்கையையும் அறிக்கையில் போடுங்கள்.

இப்படிக்கு,
பிளாக் ரிவரிலிருந்து ஒரு தாவரவியல் மாணவர்