தொண்டு மருத்துவக் குழுவில் சேர மழைக்கு முன்பே பெயர் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாடுகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தவறாமல் படித்து வருகிறேன். கால்வாய் தூர்வாருதல், மோட்டார் பம்பு, படகு என எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிறீர்கள். வெள்ளத்திற்குப் பின் மருத்துவ முகாம்களில் தொண்டு செய்ய முன்வருவோரை இப்போதே சேர்த்துப் பழக்க வேண்டும் என்பதுதான் எங்கும் பேசப்படுவதில்லை. செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முகாம்களில் பணி செய்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

2015-இல் அடையாற்று வெள்ளம் வடியத் தொடங்கியதும், சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமுக்கு யாரிடமும் பெயர் கொடுக்காமல் நேராகப் போய் நின்றேன். என்னைப் போலவே மருத்துவர்களும் மாணவர்களும் அக்கம்பக்கத்து இளைஞர்களுமாக நிறையப் பேர் வந்திருந்தார்கள். யார் எந்த வேலையைப் பார்ப்பது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நன்கொடையாக வந்த மருந்துகள் ஒரு வகுப்பறை மூலையில் குவிந்து கிடந்தன. காலாவதித் தேதி இருந்த பக்கம் கத்தரிக்கப்பட்ட அட்டைகளையும் பாதி தீர்ந்த சிரப்புப் பாட்டில்களையும் பிரித்து ஒதுக்குவதிலேயே எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் அன்றைய பொழுது போயிற்று.

மாலையில் ஒரு பாட்டி வந்து, ஈரச் சுருக்குப்பையைத் திறந்து, கூழாகிப் போயிருந்த காகித உறையை என் கையில் வைத்தார். மாத்திரைகள் கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. "வெள்ளையா, சின்னதா இருக்கும்மா, காலையில ஒண்ணு" என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. மருந்துச் சீட்டும் வெள்ளத்தோடு போய்விட்டது. இரத்த அழுத்தம் பார்த்தோம். சர்க்கரை பார்க்கக் கருவி இருந்தும், இரத்தத் துளியை வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிருந்தது. குவியலாக மருந்து கிடந்த அறையிலிருந்து அவரை வெறுங்கையோடு அனுப்பினேன். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

வெள்ளப் பகுதியில் காயங்களைவிட, விட்டுப்போன மாத்திரைகளும், மின்சாரம் இல்லாமல் கெட்டுப்போகும் இன்சுலினும், தள்ளிப்போகும் டயாலிசிஸும்தான் அதிகம் பாடுபடுத்துகின்றன. இவற்றுக்கு மருத்துவர் மட்டும் போதாது. மருந்தைப் பெயர் பார்த்து அடுக்கத் தெரிந்த மருந்தாளுநர், நோயாளியின் விவரத்தைப் பிசகாமல் எழுதுபவர், எந்தத் தெருவில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார் என்று அறிந்த உள்ளூர்க்காரர், வண்டி ஓட்டுபவர் எல்லோருக்கும் குழுவில் இடம் உண்டு. நான் டாக்டர் இல்லையே என்று ஒதுங்கி நிற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் கூடும் தொண்டர் கூட்டம் அடுத்த வாரமே கலைந்துவிடுகிறது. ஆனால் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் கிருமி தொற்றி ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். தேங்கிய நீரில் கொசு பெருகி டெங்கு வருவதற்கும் நாள் பிடிக்கும். எலிக்காய்ச்சலைத் தடுக்க, வெள்ள நீரில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை தருவது வழக்கம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை. மற்றவர்களும் சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் மாத்திரையைக் கொடுக்க வேண்டும் என்று முகாமில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? 2015-இல் முகாம் வரிசையில் நின்றவர்களில் காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவர்கள் எத்தனையோ பேர்.

மிக்ஜாமின்போது, முன்னதாகவே பயிற்சி பெற்ற ஒரு சிறு குழுவோடு போனேன். குடிநீர், உணவு, டார்ச் விளக்கு, ஸ்ட்ரிப் எல்லாம் எங்கள் பையிலேயே இருந்தன. யார் பதிவு செய்வது, யார் மருந்து தருவது என்பதும் முன்பே முடிவாகியிருந்தது. பாதிக்கப்பட்ட ஊருக்குச் சுமையாகாமல், தன் தேவைகளைத் தானே கொண்டுசெல்ல வேண்டும் என்பதை அவசரகால மருத்துவக் குழுக்களுக்கு உலக சுகாதார நிறுவனமும் வலியுறுத்துகிறது. ஆட்கள் குறைவாக இருந்தும் 2015-ஐவிட அதிகம் பேரைப் பார்க்க முடிந்தது.

எழும்பூரில் இயங்கும் இந்திய செஞ்சிலுவைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளையை அணுகினால் முதலுதவிப் பயிற்சி பற்றிக் கேட்டறியலாம். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்தமித்ரா என்னும் பேரிடர்த் தொண்டர் திட்டத்தில் பொதுமக்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி தந்திருக்கிறார்கள். மாநகராட்சியும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் இன்னும் ஒரு படி மேலே போய், மண்டலவாரியாகத் தொண்டர் பட்டியல் தயாரித்து, மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் ஆகியோரின் பதிவு எண்களை முன்கூட்டியே சரிபார்த்து, செப்டம்பருக்குள் ஒரு நாளாவது ஒத்திகை நடத்த வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். எங்கே, என்றைக்குப் பெயர் கொடுக்கலாம் என்ற விவரத்தைத் தங்கள் நாளிதழின் சென்னைப் பக்கத்தில் வெளியிட்டால், என்னைப் போன்ற ஓய்வு பெற்ற செவிலியர்கள் பலர் வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
மேற்கு சைதாப்பேட்டை, சென்னை.