மீன் மட்டும்தான் செய்தியா?

ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் கார்னெல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்கள் மோதும் பனி ஹாக்கி பற்றிய செய்திகளில் ஆட்டத்தைவிட மீன்களே அதிகம் தென்படுகின்றன. இத்தாக்கா நகரில் கார்னெலின் சொந்த அரங்கான லைனாவில் எதிரணியினரை அறிமுகப்படுத்தும்போது கார்னெல் ரசிகர்கள் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வதும், ஹார்வர்டு அணி இறங்கியதும் மீன்களை வீசுவதும் பழைய வழக்கம். கார்னெலின் வேளாண் கல்லூரியைக் கேலி செய்து 1970களில் ஹார்வர்டு ரசிகர்கள் கோழியைக் கொண்டுவந்ததற்குப் பதிலடி அது என்பார்கள். ரசிக்கத்தக்க குறும்புதான், பனித்தரையைத் துடைப்பவர் என்ன சொல்வாரோ!

ஆனால், விளையாட்டுக்கென உதவித்தொகைகூடத் தராத ஐவி லீக் (இவ்விரண்டும் அடங்கிய எட்டுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) கல்லூரிகளில் படித்துக்கொண்டே ஆடும் மாணவர்களிடம் தொழில்முறை வீரர்களுக்குரிய வெற்றியை எதிர்பார்ப்பதும், கோலைத் தடுக்கத் தவறியவரின் பெயரைத் தலைப்பிலேயே போடுவதும் முறையல்ல. மீன் படத்துக்குத் தரும் இடத்தில் பாதியையாவது ஆட்ட நுணுக்கத்துக்கு ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.

– வாசகர் ஒருவர்