சொட்டு மருந்தை நிறுத்தாதே, கமலா

கோத்தகிரி
ஜனவரி 18

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. பேத்திக்கு உன் அம்மாவின் பெயரையே வைத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. விடுமுறைக்கு வந்தால் நமக்கு ரவா உருண்டை பிடித்துக் கொடுப்பார்களே, அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

ஆனால் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாயே, அதுதான் இரண்டு நாளாக மனதைப் பிசைகிறது. கண் உலர்வுக்குக் கொடுத்த சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தை மூன்று வாரத்தில் நிறுத்திவிட்டாயாமே. எரிகிறது, குணமும் தெரியவில்லை என்று.

டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பி, கமலா. எனக்கும் முதல் மாதம் மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டது போலத்தான் இருந்தது. செயற்கைக் கண்ணீர் கண்ணை நனைக்கும், அவ்வளவுதான். நமக்கு வந்திருப்பது கண்ணீர்ச் சுரப்பியிலும் விழியின் மேற்பரப்பிலும் இருக்கும் அழற்சி. அதைத் தணிப்பது சைக்ளோஸ்போரின். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம்கூட. எனக்கு நான்காம் மாதம்தான் காலையில் இமை ஒட்டாமல் திறந்தது. புட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டுக்கொள். குளிர்ந்த மருந்து எனக்குக் குறைவாக எரிந்தது. கால் மணி நேரம் முன்னால் செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டேன், அதுவும் உதவியது. முதல் சில வாரங்களுக்கு ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்துத் தருவதுண்டு. ஆனால் பழைய சீட்டைக் காட்டி நீயாக மருந்துக் கடையில் வாங்கித் தொடராதே. கண் அழுத்தம் ஏறும், புரையும் விழும்.

செயற்கைக் கண்ணீரில் நான் செய்த தப்பையும் கேள். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை விட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் புட்டியில் மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடே என் கண்ணை இன்னும் புண்ணாக்கியது. அடிக்கடி விடுகிறவர்களுக்கு அது சேராத மருந்துதான் வேண்டும். விலை கூடுதல்தான். வேறு எதிலாவது மிச்சம் பிடி.

இப்போது முக்கியமான கேள்வி. உனக்கு வாய் உலர்கிறதா? நான் அதை வயதுக்கோளாறு என்றே நினைத்திருந்தேன். எங்கள் ஊர் வர்க்கியை டீயில் தோய்க்காமல் ஒரு கடி விழுங்க முடியவில்லை, விரல் மூட்டுகளும் காலையில் பிடித்துக்கொண்டன. இரண்டையும் கண்ணோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் கருவிழி டாக்டர்தான் கேட்டார். கீழ் இமையில் காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைத்தார். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே நனைந்தால் மிகவும் கடுமையான உலர்வாம். எனக்கு இரண்டுதான். ரத்தப் பரிசோதனையில் ஷோகிரன் நோய் என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிற நோய், மூட்டையும் பிடிக்கும். 1933-ல் அதை விரிவாக எழுதிய சுவீடன் நாட்டுக் கண் டாக்டரின் பெயர் அது. பெண்களுக்குத்தான் மிக அதிகமாக வருகிறதாம், அதுவும் நடுவயதுக்கு மேல். இப்போது மூட்டு டாக்டரையும் பார்க்கிறேன். நீயும் கேட்டு அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள், தள்ளிப்போடாதே.

எனக்குப் பெரிய நிம்மதி தந்தது என் ரத்தத்திலிருந்தே செய்த சொட்டு மருந்து. ரத்தம் எடுத்து, உறையவைத்து, சுழற்றிப் பிரித்து, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை உப்பு நீரில் கலந்து சின்னச் சின்னப் புட்டிகளில் தருகிறார்கள். கண்ணீரில் இருக்கிற வைட்டமின் ஏ-யும் புண் ஆற்றும் புரதங்களும் அதிலும் இருக்கின்றன. மற்ற மருந்துக்கு அடங்காத கண்ணுக்குத்தான் இது. பதப்படுத்தும் பொருள் எதுவும் கிடையாது என்பதால் உறைநிலையில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் மலையேறுவேன். நவம்பர் மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. பேக்கரிக்காரத் தம்பி புட்டிகளை வாங்கி ஜெனரேட்டரில் ஓடும் தன் ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். அவருக்கு என் கண்ணே கடன்பட்டிருக்கிறது.

கண்ணீர் வடிகிற துளையைச் சிலிக்கான் அடைப்பால் மூடுவதும் உண்டு. அழற்சி அடங்கிய பிறகு எனக்கு வைத்தார்கள், ஐந்து நிமிட வேலை. எதற்கும் அடங்காதவர்களுக்கு ஸ்கிலீரல் லென்ஸ் இருக்கிறது. விழியின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய லென்ஸ். உள்ளே உப்பு நீர் நிரப்பிப் போட்டால் கருவிழி நாள் முழுக்க நீரிலேயே இருக்கும். எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

இங்கே இப்போது உறைபனி. கணப்புச் சட்டியை அறைக்குள் வைப்பதை நிறுத்திவிட்டேன், புகை ஆகாது. காற்றில் வெளியே போனால் பக்கம் மூடிய கண்ணாடி போட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக்கூட நடுவில் மூன்று முறை கண்ணை மூடி உட்கார்ந்துதான் எழுதினேன். படிக்கும்போது இமைக்க மறந்துவிடுகிறோம், நீயும் கவனி.

மார்ச்சில் குளிர் குறைந்ததும் இங்கே வந்து பத்து நாள் இரு. ரத்தப் பரிசோதனை முடிந்த அன்றே போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

உன்,
லலிதா