கினியாவுக்கு வந்த தூதர்கள்

ஐயா,

ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற காலத்துத் தூதர்களைப் பற்றி எழுதுவோர், நியமன நாளையும், சென்ற நாட்டின் தலைவரிடம் நற்சான்றுக் கடிதம் (தூதர் என்பதற்கான நியமனச் சான்று) அளித்த நாளையும் தனித்தனியே தர வேண்டும். ஒருவரை ஏற்கச் சம்மதமா என்று முதலில் அவரை வரவேற்க வேண்டிய நாட்டிடம் ரகசியமாகக் கேட்பார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சம்மதித்த பிறகே பயணம், கடிதம் எல்லாம். இந்த இடைவெளியில்தான் பல உறவுகள் கெட்டன.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சுக் காலனியாக இருந்த கினியா 1958 அக்டோபர் 2-ல் விடுதலை பெற்றது. அமெரிக்கா நவம்பரிலேயே அங்கீகரித்தும், முதல் தூதர் ஜான் மாரோ தலைநகர் கொனாக்ரி சேர்ந்தது 1959 ஜூலையில்தான். பிரெஞ்சு மொழிப் பேராசிரியரான அவர் மிகப் பொருத்தமான தேர்வு. ஆனால் அதற்குள் சோவியத் அணியிலிருந்த செக்கோஸ்லோவாக்கியாவின் ஆயுதங்கள் அங்கே வந்திறங்கிவிட்டன.

முந்திக்கொண்ட சோவியத் அணிக்கும் அந்தச் செல்வாக்கு நிலைக்கவில்லை. உள்நாட்டுக் கிளர்ச்சியில் பங்கு உண்டென்று கூறி, 1961 டிசம்பரில் சோவியத் தூதர் டேனியல் சோலோதை கினியா அதிபர் செக்கு தூரே வெளியேற்றினார். அடுத்த ஆண்டு கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அமெரிக்கத் தூதர் வில்லியம் ஆட்வுட் வேண்ட, கியூபா செல்லும் சோவியத் விமானங்கள் கொனாக்ரியில் இறங்க கினியா அனுமதி மறுத்தது.

– வாசகர், மதுரை