வாரண்ட் கொடுத்தவர் என்ன படித்தார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்குடி பழம்பொருள் வியாபாரிகளிடம் ஒரு பேச்சு அடிபடுகிறது. திருட்டுப் போன தேக்குக் கதவைத் தேடி வாரண்டோடு போலீஸ் வந்தால், ‘கையெழுத்துப் போட்ட ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) சட்டமே படிக்காதவர், இது செல்லாது’ என்று கோர்ட்டில் சொல்லிவிடலாமாம். நடக்கிற காரியமா? திருட்டுச் சொத்தைத் தேட முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் மட்டுமில்லை, ஆர்.டி.ஓ.வும் கோட்ட நடுவர் (சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்) என்ற முறையில் வாரண்ட் கொடுக்கலாம், அதற்கு வக்கீல் பட்டம் தேவையில்லை. அப்படியே அந்த அதிகாரம் இல்லாத மாஜிஸ்திரேட் ஒருவர் நல்லெண்ணத்தில் தவறிக் கொடுத்திருந்தாலும், அந்த ஒரு காரணத்துக்காக நடவடிக்கை ரத்தாகாது என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 506-ஆவது பிரிவு (பழைய சட்டத்தில் 460).

கொடுத்தவர் புகார்தாரருக்குப் பங்காளி என்றால் சரி, அது வேறு கதை, ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போகலாம். ஆனால் நம்ம பக்கம் யார் யாருக்குத்தான் சொந்தமில்லை? ஆதாரம் வேண்டும். அப்புறம், சோதனையே சட்டவிரோதம் என்றாலும் கிடைத்த பொருள் சாட்சியமாக நிற்கும் என்று பூரண்மல் வழக்கில் 1973-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

பட்டத்தைத் துருவுவதை விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சாட்சிக்கு இருந்தார்களா, அதே சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவுப்படி வீடியோ எடுத்தார்களா, பட்டியல் நகல் கொடுத்தார்களா என்று பாருங்கள். வளவில் கிடந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.

– ஒரு வாசகர், காரைக்குடி